காசி யாத்திரைப் பணத்துக்குப் பதில் கூப்பன்: வாங்கித்தான் ஆகவேண்டுமா?

செவ்வாய்ப்பேட்டை அரிசிக்கடை | 11 பிப்ரவரி 2021

நண்பர்களுக்கு வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

சென்ற ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி என் அம்மாவும் எங்கள் தெருப் பெண்கள் சிலரும் காசி, கயா, பிரயாகை போவதாக ஏற்பாடு. சேலத்தில் பல காலமாக யாத்திரை நடத்துகிற ஒருவரிடம் ஜனவரியிலேயே தலைக்கு 31,000 ரூபாய் கட்டிவிட்டோம். இங்கிருந்து சென்னைக்கு ரயில், சென்னையிலிருந்து வாரணாசிக்கு விமானம், அங்கே தங்குமிடம், சாப்பாடு, கயாவுக்கு வேன் எல்லாம் அதில் அடக்கம். மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. எல்லாம் நின்றுபோனது.

"நிலைமை சரியானதும் கூட்டிப்போகிறேன் அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தீபாவளிச் சமயத்தில் அச்சடித்த கூப்பன் ஒன்றைக் கையில் கொடுத்தார். 2021 டிசம்பருக்குள் அவர் நடத்தும் எந்த யாத்திரைக்கும் அது செல்லுமாம். பணமாகத் தரமாட்டார்களாம். கட்டணம் ஏறினால் ஏறிய தொகையை நாங்கள் கட்டவேண்டுமாம். இடையில் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. இனி காசிக்கு அவரால் போக முடியாது. பணத்தைக் கேட்டால், "கூப்பன் கொடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது" என்கிறார். உண்மைதானா?

ஐந்துரோடு வாசி | 11 பிப்ரவரி 2021

விட்டுவிடுங்கள் அண்ணா. அவரும் ஓராண்டாகத் தொழில் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். முப்பதாயிரத்துக்கு வழக்குப் போட்டு வக்கீலுக்கு நாற்பதாயிரம் கொடுப்பீர்கள். கூப்பனைத் தெருவில் வேறு யாருக்காவது விற்கப் பாருங்கள்.

கறுப்புக்கோட்டு | 11 பிப்ரவரி 2021

உங்கள் யாத்திரைக்காரர் சொல்வதில் கால் பங்கு உண்மை. அந்தக் கால் பங்கும் விமான நிறுவனங்களைப் பற்றியது, அவரைப் பற்றியது அல்ல.

அவர் சொல்லும் தீர்ப்பு, பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2020 அக்டோபர் 1ஆம் தேதி நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான மூவர் அமர்வு கொடுத்தது. உள்நாட்டு விமானங்கள் பறக்காத மார்ச் 25 முதல் மே 24 வரையிலான பயணங்களை அது வகை பிரிக்கிறது. ஊரடங்குக் காலத்திலேயே டிக்கெட் எடுத்து, அதே காலத்தில் பயணம் என்றால் பிடித்தமில்லாமல் முழுப் பணத்தையும் உடனே தரவேண்டும். ஊரடங்குக்கு முன்பே எடுத்த டிக்கெட் என்றால் 15 நாளில் பணம். உங்கள் அம்மாவின் டிக்கெட் இந்த இரண்டாவது வகை. நிதி நெருக்கடியால் 15 நாளில் கொடுக்க முடியாத விமான நிறுவனம் மட்டும் அந்தத் தொகையைக் கிரெடிட் ஷெல்லாக, அதாவது பயணி பெயரில் வரவாக, எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அந்த வரவுக்கும் நிபந்தனைகள் உண்டு. எந்த வழித்தடத்திலும் பயன்படுத்தலாம். வேறொருவருக்கு மாற்றித் தரலாம். ரத்தான நாளிலிருந்து 2020 ஜூன் 30 வரை மாதம் 0.5 சதவீதமும், அதற்குப் பிறகு மாதம் 0.75 சதவீதமும் அதன் மதிப்பு கூடவேண்டும். 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தாமல் மீதி இருந்தால் அதைப் பணமாகவே திருப்பித் தரவேண்டும். இந்தத் தேதிக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது.

உங்கள் கூப்பனில் இவற்றில் ஏதாவது இருக்கிறதா? கட்டண உயர்வு உங்கள் தலையில், பணமாகக் கிடையாது, கெடு டிசம்பர். நீதிமன்றம் சொன்னதற்கு ஏறக்குறைய தலைகீழ்.

முதலில் 31,000 ரூபாயை உடையுங்கள். ரயிலுக்கு எவ்வளவு, விமானத்துக்கு எவ்வளவு, தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு, அவருடைய லாபம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஒரே தொகையாகக் கட்டியிருந்தாலும் அதன் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு விதியில் வருகிறது. மொத்தமாகக் கேட்டால் மொத்தமாக இல்லை என்பார். பகுதி பகுதியாகக் கேட்டால் அப்படிச் சொல்வது கடினம்.

இன்னொன்று: கூப்பனைக் கையில் வாங்கியதாலேயே ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடாது. "கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்று ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? அதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை அரிசிக்கடை | 12 பிப்ரவரி 2021

மிக்க நன்றி சார். கையெழுத்து எதுவும் போடவில்லை. விமானச் செலவு மட்டும் போகவர 13,500 என்று அப்போதே வாய்மொழியாகச் சொன்னார். ஆனால் டிக்கெட்டை எடுத்தவர் அவர். விமான நிறுவனம் எங்களோடு பேசுமா? அவரைக் கேட்டால் "அவர்கள் எனக்கே இன்னும் தரவில்லை" என்கிறார்.

கறுப்புக்கோட்டு | 12 பிப்ரவரி 2021

அதைத்தான் சரிபார்க்க வேண்டும். முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கான பணம், எந்தக் கணக்கிலிருந்து விமான நிறுவனத்துக்கு வந்ததோ அதே கணக்குக்குத்தான் திரும்பும். தீர்ப்பும் அதையே சொல்கிறது. கிடைத்ததை முகவர் பயணிக்கு உடனே கொடுக்கவேண்டும் என்றும் சொல்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்ற கதை நடப்பது இந்த இடத்தில்தான். பணம் அவர் கணக்குக்கு வந்து மாதக்கணக்காகியிருக்கலாம். வராமலும் இருக்கலாம்.

டிக்கெட் நகல் எங்காவது இருக்கும், தேடுங்கள். பயணத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். அதிலுள்ள பி.என்.ஆர். எண்ணையும் பயணியின் பெயரையும் குறிப்பிட்டு விமான நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதி, தொகை திருப்பப்பட்டதா, எந்தத் தேதியில், யாருக்கு என்று மட்டும் கேளுங்கள். இதில் கோபம், அம்மாவின் உடல்நிலை, காசி எதுவும் வேண்டாம். நாலு வரி போதும்.

விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதியும் உங்கள் பக்கம் நிற்கிறது. முகவர்கள் விமான நிறுவனம் நியமித்த பிரதிநிதிகள், எனவே பணம் திரும்புவதற்கான பொறுப்பு நிறுவனத்தையே சேரும், 30 வேலை நாட்களில் முடிக்கவேண்டும் என்பது அந்த விதி. பணத்தைக் கிரெடிட் ஷெல்லாக வைப்பது பயணியின் விருப்பம், நிறுவனத்தின் வழக்கமாக இருக்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது.

ஜங்ஷன் ஓய்வூதியர் | 12 பிப்ரவரி 2021

ரயில் பகுதிக்கு நான் சொல்கிறேன். சூரமங்கலத்தில் முன்பதிவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன்.

இணையத்தில் எடுத்த டிக்கெட் என்றால் ரயில் ரத்தானதுமே பணம் தானாகத் திரும்பியிருக்கும். சேவைக் கட்டணம் மட்டும் வராது. அவசரப்பட்டு நீங்களாக ரத்துச் செய்யவேண்டாம் என்று அப்போது அறிவித்ததே இதற்காகத்தான். கவுன்ட்டரில் எடுத்த டிக்கெட் என்றால் கதை வேறு. டிக்கெட்டை ஒப்படைத்துப் பணம் வாங்க, பயண நாளிலிருந்து முதலில் மூன்று மாதம் கெடு கொடுத்தார்கள், பிறகு ஆறு மாதம், சென்ற ஜனவரியில் ஒன்பது மாதம் ஆக்கினார்கள். 2020 மார்ச் 21 முதல் ஜூலை 31 வரையிலான பயணங்களுக்கு இது பொருந்தும்.

ஏப்ரல் 8 பயணத்துக்கு ஒன்பது மாதம் போன ஜனவரி 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் ஆறு மாதம் கடந்த பிறகு அசல் டிக்கெட்டை டி.டி.ஆர்., அதாவது டிக்கெட்டை ஒப்படைத்ததற்கான ரசீது, மூலமோ சாதாரண விண்ணப்பத்தோடோ மண்டல உரிமைக்கோரல் அலுவலகத்தில் கொடுத்து வைத்தவர்களுக்கும் முழுப் பணம் உண்டு என்று அதே உத்தரவில் இருக்கிறது. உங்கள் ஆள் குழு டிக்கெட்டை அப்படிக் கொடுத்தாரா என்று கேளுங்கள் தம்பி. கவுன்ட்டரில் எடுத்த அசல் காகிதம் இல்லையென்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நகலைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் சண்டை போட்டவர்கள் ஏராளம்.

காப்பித்தோட்டம் | 13 பிப்ரவரி 2021

எல்லாரும் வாங்கியவர் பக்கமே பேசுகிறீர்கள். ஏற்காட்டில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறவன் பேசுகிறேன். எங்களுக்கு ஆண்டு வருமானமே ஏப்ரலிலும் மேயிலும்தான். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் அந்தச் சமயத்தில்தான் வரும். 2020இல் விழாவே இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் சுற்றுலா வண்டி ஒன்றுகூட ஏறவில்லை. ஜனவரியில் வாங்கிய முன்பணத்தில் கூரை மாற்றினேன், மெத்தை வாங்கினேன், வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுத்தேன். அந்தப் பணம் இப்போது மெத்தையாகக் கிடக்கிறது. வேறு தேதியில் வந்து தங்குங்கள் என்று சொல்வது ஏமாற்று வேலையா? நான் ஊரடங்கு போடவில்லையே.

அஸ்தம்பட்டி டீச்சர் | 13 பிப்ரவரி 2021

நீங்களும் போடவில்லை, நாங்களும் போடவில்லை. அப்புறம் நட்டம் முழுவதும் ஏன் எங்கள் பக்கம் வரவேண்டும்?

சென்ற மே மாதம் என் அண்ணன் குடும்பம் மஸ்கட்டிலிருந்து வருவதற்காக ஏற்காட்டில் ஒரு பங்களாவை மூன்று இரவுக்குப் பதிவு செய்திருந்தோம். பாதிப் பணம் முன்பணம். அண்ணனாலும் வரமுடியவில்லை, எங்களாலும் மலையேற முடியவில்லை. செப்டம்பரில் கூப்பிட்டு, "திறந்துவிட்டோம், வாருங்கள், சனி ஞாயிறு தவிர" என்றார்கள். மே மாதச் சனி ஞாயிறுக்கான விலையைக் கொடுத்துவிட்டு, மழைக்கால செவ்வாய்க்கிழமையில் இரண்டு பேர் போய் எட்டுப் பேர் வீட்டில் உட்கார வேண்டுமா? வேறு தேதி என்றால் அதே மதிப்புள்ள தேதியாக இருக்கவேண்டும். அதைத்தானே கேட்கிறோம்?

கறுப்புக்கோட்டு | 14 பிப்ரவரி 2021

இந்தச் சண்டையில் இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கசப்பு இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

விடுதிகளுக்கு விமானத் தீர்ப்பு பொருந்தாது. அங்கே நிற்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். ஒப்புக்கொண்ட காரியம் பின்னால் செய்யவே முடியாததாகவோ சட்டவிரோதமானதாகவோ ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது பிரிவு 56. செய்யமுடியாமை என்பதை அகராதிப்படி இறுக்கமாக எடுக்கவேண்டாம், ஒப்பந்தத்தின் அடிப்படையே தகர்ந்திருந்தால் போதும் என்று சத்யவிரத கோஷ் வழக்கில் 1953இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் பெற்ற பயனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது பிரிவு 65.

காப்பித்தோட்டத்து நண்பருக்கு இதில்தான் கசப்பு. இங்கிலாந்தில் 1943இல் ஒரு சட்டம் போட்டு, பணம் பெற்றவர் ஏற்கெனவே செய்த செலவைக் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றார்கள். நம் பிரிவு 65இல் அப்படி ஒரு வரி கிடையாது. மெத்தை உங்களுடையது, அடுத்த விருந்தினருக்கும் அது பயன்படும். ஆகவே மே 2020 முன்பணம், டீச்சர் விரும்பினால் தவிர, கூப்பனாக முடியாது. பதிவுச் சீட்டில் இத்தகைய நிலைமைக்கென்றே தெளிவான நிபந்தனை எழுதி அவர் சம்மதித்திருந்தால் முதலில் அந்த நிபந்தனையைப் பார்ப்பார்கள். ஏற்காட்டில் எத்தனை பேர் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இனி வாடிக்கையாளருக்கான கசப்பு. செப்டம்பர் 1 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் தேவையில்லை என்று ஆனபோதும், நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போக மட்டும் ஆட்சியரின் இ-பாஸ் வேண்டும் என்று வைத்தார்கள். அந்தச் சமயத்துக்குப் பதிவு செய்திருந்த ஒருவர் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டிருந்தால் அவருக்குப் பிரிவு 56 கைகொடுக்கும். விண்ணப்பிக்கவே இல்லை, தொற்றுக்குப் பயந்து வரவில்லை என்றால் ஒப்பந்தம் செத்துப்போகவில்லை. அவர்தான் விலகியிருக்கிறார். விடுதியின் ரத்து விதிப்படி பிடித்தம் உண்டு. பயம் நியாயமானது என்பது வேறு. அதற்கான விலையை மற்றவர் கட்டவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

காப்பித்தோட்டம் | 14 பிப்ரவரி 2021

சட்டம் அப்படியென்றால் சரி. ஆனால் எல்லாரும் ஒரே மாதத்தில் கேட்டால் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் தோட்ட வேலைக்குத்தான் போகவேண்டும். நான் செய்தது இதுதான்: கேட்டவர்களுக்குப் பாதியை உடனே கொடுத்தேன், மீதியை இந்த ஆண்டு சீசன் முடிந்து ஜூனில் தருவதாகத் தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வருகிறோம் என்றவர்களுக்கு அதே சீசன் நாட்களையே ஒதுக்கினேன். பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் கலெக்டருக்கு மனுப் போடுவேன் என்று கத்தினார். அவருக்கு அன்றே முழுவதையும் கொடுத்து அனுப்பிவிட்டேன். டீச்சர், உங்கள் பங்களா என்னுடையது அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆத்தூர் டு பிராங்க்ஃபர்ட் | 15 பிப்ரவரி 2021

ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதி இருக்கிறது. விமான நிறுவனமே ரத்துச் செய்தால் ஏழு நாளில் பணம். வவுச்சர் தரவேண்டுமென்றால் பயணி கையெழுத்திட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். பெருந்தொற்றில் நிறுவனங்கள் கதறியும், 2020 மே 13ஆம் தேதி ஐரோப்பிய ஆணையம் "வவுச்சரைக் கவர்ச்சியாக்கிக் கொள்ளுங்கள், தேர்வு பயணியுடையதுதான்" என்று பரிந்துரைத்ததோடு நிறுத்திக்கொண்டது. ஊருக்கு வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் இது உண்டு. பெங்களூரிலிருந்து இங்கே வர, ஐரோப்பிய நிறுவனம் என்றால் மட்டும் உண்டு. இந்திய நிறுவனத்தில் அங்கிருந்து கிளம்பினால் இந்த விதியைக் காட்டிப் பயனில்லை.

ஐந்துரோடு வாசி | 15 பிப்ரவரி 2021

எல்லாம் சரி, கடைசியில் கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் செலவு? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

கறுப்புக்கோட்டு | 15 பிப்ரவரி 2021

எங்கள் வயிற்றில் அடிக்கிற பதில்தான், சொல்கிறேன். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு வக்கீல் கட்டாயமில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய சேவைக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் நிறுவனத்தை நீங்கள் சேலத்துக்கு வரவைக்கலாம். சேவையில் குறை இருந்தும் ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்ப மறுப்பது முறையற்ற வணிகம் என்று பிரிவு 2(47) சொல்கிறது. புகார் கொடுப்பதற்கான பொதுவான கெடு இரண்டு ஆண்டு. பெருந்தொற்றுக்காக உச்சநீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் கெடுவை நிறுத்தி வைத்திருக்கிறது. அதை நம்பித் தூங்கிவிடாதீர்கள்.

ஆனால் புகாருக்கு முன் ஒப்புகை அட்டையோடு ஒரு பதிவு அஞ்சல் அனுப்புங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே முடிந்துவிடுகிறது.

செவ்வாய்ப்பேட்டை அரிசிக்கடை | 22 ஏப்ரல் 2021

நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவின் மகள் கைப்பேசியில் டிக்கெட் நகல் இருந்தது. விமான நிறுவனத்துக்கு எழுதினோம். எங்கள் குழுவின் முழுத் தொகையையும் டிசம்பரிலேயே முகவர் கணக்குக்குத் திருப்பிவிட்டதாகப் பதில் வந்தது. அந்தப் பதிலை இணைத்து யாத்திரைக்காரருக்குப் பதிவு அஞ்சல் போட்டோம். கடைக்கே வந்துவிட்டார். கொஞ்சம் சத்தம் போட்டார், அப்பா காலத்துப் பழக்கத்தையெல்லாம் இழுத்தார். பிறகு விமானப் பங்கு 13,500ஐ எல்லாருக்கும் காசோலையாகக் கொடுத்தார். வாரணாசி விடுதிக்குக் கட்டியதற்கு ரசீது கேட்டோம், தேடுகிறேன் என்றார், இதுவரை தேடிக்கொண்டிருக்கிறார். ரயில் டிக்கெட்டின் அசல் அவரிடம் இல்லை. அந்தத் தொகை சிறியது, விட்டுவிட்டோம். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்குமான தொகைக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். தெருவில் இரண்டு பேர் மட்டும் கூப்பனையே வைத்துக்கொள்கிறோம், எப்படியும் காசி போகவேண்டும் என்கிறார்கள். அது அவர்கள் விருப்பம்.

நெத்திமேட்டுக்காரி | 4 ஜூலை 2024

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். 2021 ஏப்ரல் கடைசியில், இரண்டாம் அலையின்போது, கோவையிலிருந்து டெல்லிக்கு எடுத்த டிக்கெட். விமானத்தை நிறுவனமே ரத்துச் செய்தது. ஒரு சிறு பயண முகமை மூலம் எடுத்தேன். இன்றுவரை "வரும்" என்கிறார்கள். செய்தியில் ஏதோ உத்தரவு என்று பார்த்தேன். எனக்குப் பயன்படுமா?

கறுப்புக்கோட்டு | 6 ஜூலை 2024

நீங்கள் பார்த்தது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஜூன் 27ஆம் தேதி யாத்ரா என்ற பயண முன்பதிவு இணையதளத்துக்குப் போட்ட உத்தரவாக இருக்கும். ஊரடங்கால் ரத்தான பயணங்களுக்காக 2021இல் 36,276 முன்பதிவுகளுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் அங்கே நிலுவை இருந்தது. இந்த ஜூனில் அது 4,837 முன்பதிவு, சுமார் இரண்டரைக் கோடியாகக் குறைந்திருக்கிறது. அந்த மீதிப் பேரையும் அழைத்துப் பேசுவதற்காகத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் தன் செலவில் ஐந்து தனி இருக்கைகள் ஏற்படுத்த வேண்டும் என்பது உத்தரவு. அது அந்த நிறுவனத்தை மட்டும்தான் கட்டும். ஆனால் உங்கள் கடிதத்தில் அதைச் சுட்டிக்காட்டலாம், ஆணையம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று முகமைக்குப் புரியும்.

உங்கள் பயணம் 2020 மே 24க்குப் பிந்தையது. ஆகவே 2020 தீர்ப்பின் வகைப்பாடு உங்களுக்கு வேண்டாம். இயக்ககத்தின் வழக்கமான விதி போதும்: பொறுப்பு விமான நிறுவனத்தினுடையது. 1915 என்ற எண்ணில் உதவி மையத்தை அழைத்து, விமான நிறுவனம், முகமை இரண்டின் மீதும் பதிவு செய்யுங்கள்.

புகார் கொடுப்பதற்கான கெடுதான் சிக்கல். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று உச்சநீதிமன்றம் 2022 ஜனவரியில் சொன்னது. அதன்படி உங்கள் இரண்டு ஆண்டு 2022 மார்ச் 1இல் தொடங்கி இந்தப் பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. மாவட்ட ஆணையத்துக்குப் போனால் தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டும் மனு ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 69 அதற்கு இடம் தருகிறது. ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் கையில். முகமை "வரும், வரும்" என்று எழுதிய செய்திகள் எல்லாம் தேதியோடு இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் இருந்தாலும் சரி, ஒன்றையும் அழிக்காதீர்கள். கடைசியாக எந்தத் தேதியில் அப்படி எழுதினார்கள் என்று சொல்லுங்கள் அம்மா, மனுவை எப்படி எழுதுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.